கவினுக்கு ஆஸ்துமா இழுப்பு: போகி காலை, "கும்பகோணத்து வீடு" குழு

[காலை 5:48] மீனா (அம்பத்தூர்): யாராவது விழித்திருக்கிறீர்களா? அத்தை? கவினுக்கு இழுப்பு வந்துவிட்டது. தெரு முழுக்கப் போகிப் புகை. பாயோடு டயரையும் போட்டு எரிக்கிறார்கள். இவரும் ஊரில் இல்லை.

[5:49] சுந்தரி அத்தை (திருச்சி): இருக்கிறேன்மா. முதலில் இதைச் சொல். முழு வாக்கியமாகப் பேசுகிறானா? மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு நடுவில் குழி விழுகிறதா? உதடு என்ன நிறம்?

[5:50] மீனா: பேசுகிறான். "அம்மா, நெஞ்சுக்குள்ள பூனை கத்துது" என்கிறான். குழி லேசாகத் தெரிகிறது. உதடு எப்போதும் போலத்தான் இருக்கிறது. நீல இன்ஹேலரை நேராக வாயில் வைத்து இரண்டு தடவை அழுத்தினேன். இருமி எல்லாம் வெளியே வந்துவிட்டது.

[5:50] சுந்தரி அத்தை: ஸ்பேசர் எங்கே? இன்ஹேலரை மாட்டி மூச்சு இழுக்கிற அந்தப் பிளாஸ்டிக் குழாய்.

[5:52] மீனா: பொம்மைக் கூடையில் கிடந்தது அத்தை. ராக்கெட் விட்டு விளையாடியிருக்கிறான்.

[5:52] சுந்தரி அத்தை: வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார். பாசிமணி, பட்டன் ஏதாவது இருந்தால் மூச்சோடு உள்ளே போய்விடும். இன்ஹேலரின் வாய்ப்பக்கத்தையும் பார். ஜன்னலைச் சாத்து. பையனைப் படுக்க வைக்காதே, நிமிர்ந்து உட்காரட்டும்.

[5:53] மீனா: ஒரு சின்ன ஸ்டிக்கர் இருந்தது. எடுத்துவிட்டேன்.

[5:54] சுந்தரி அத்தை: நல்லது. இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரில் மாட்டு. உதட்டை இறுக மூடிக்கொள்ளச் சொல். ஒரே ஒரு அழுத்து. அவன் பாட்டுக்கு ஆறு முறை அதிலேயே மூச்சு இழுத்து விடட்டும். அரை நிமிடம் பொறுத்துத் திரும்பக் குலுக்கி அடுத்தது. இரண்டு மூன்றைச் சேர்த்து அடித்து வைக்காதே, மருந்து பிளாஸ்டிக்கிலேயே ஒட்டிக்கொள்ளும். டாக்டர் எழுதித் தந்த தாளில் எத்தனை போட்டிருக்கிறது?

[5:55] மீனா: நான்கு. குறையாவிட்டால் நான்கு நிமிடம் கழித்து இன்னும் நான்கு. அதற்கும் கேட்காவிட்டால் ஆஸ்பத்திரி.

[5:55] சுந்தரி அத்தை: அதன்படியே செய். பேச்சு ஒவ்வொரு வார்த்தையாகத் திக்கினாலோ, உதடு நீலம் பூத்தாலோ, பையன் துவண்டாலோ தாளைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. 108ஐக் கூப்பிடு. வண்டி வரும்வரை மருந்து கொடுத்துக்கொண்டே இரு.

[6:07] மீனா: நான்கும் ஆயிற்று. பூனைச் சத்தம் குறைந்துவிட்டது. குழியும் இல்லை. கைதான் லேசாக நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்கிறான்.

[6:08] சுந்தரி அத்தை: அந்த மருந்துக்கு அப்படித்தான் இருக்கும், கொஞ்ச நேரத்தில் அடங்கும். மணியை எழுதி வை. நான்கு மணி நேரமாவது தாங்க வேண்டும். பத்து மணிக்குள் மறுபடி இழுத்தால் நேரே ஆஸ்பத்திரி. இழுக்காவிட்டாலும் இன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடு. நாளை பொங்கல், கிளினிக் திறந்திருக்காது.

[6:31] பிரபு (திருப்பூர்): இப்போதுதான் பார்த்தேன். கவின் எப்படி இருக்கிறான் அக்கா? சின்னப் பையனுக்கு இன்ஹேலர் பழகிவிடாதா? மாத்திரையோ சிரப்போ கொடுக்கலாமே. இன்ஹேலர் கடைசிக் கட்டம் என்று இங்கே கம்பெனியில் எல்லாரும் சொல்கிறார்கள்.

[6:36] சுந்தரி அத்தை: பிரபு, இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு மனசு ஆறாது. 31 வருடம் வார்டில் நர்ஸாக இருந்தேன். இதை நம்பிக் கொடுக்க வேண்டிய மருந்தைக் கொடுக்காமல், மூச்சு முட்டிய பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். கணக்கைப் பார். நீல இன்ஹேலரில் இருக்கும் மருந்து சால்புட்டமால். அதே மருந்தில் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம், அதாவது 4,000 மைக்ரோகிராம். இன்ஹேலரில் ஒரு அழுத்து 100 மைக்ரோகிராம். ஒரு மாத்திரைக்குள் நாற்பது அழுத்து மருந்து இருக்கிறது! அது வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றிவிட்டுத்தான் நெஞ்சுக்கு வரும். இன்ஹேலர் மருந்து நேரே மூச்சுக்குழாய்க்குப் போய்ச் சில நிமிடத்தில் வேலையைத் தொடங்கிவிடும். இதற்கு அடிமையாகிறவர் யாரும் இல்லை. அடிக்கடி தேவைப்படுகிறது என்றால் நோய் கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம்.

[6:50] பெரியப்பா (கும்பகோணம்): சுந்தரி, நானும் அந்த நீலத்தைத்தான் அடிக்கிறேன். பனி தொடங்கியதிலிருந்து தினமும் மூன்று நான்கு வேளை. அடித்தால் உடனே நிம்மதி. தினமும் போடச் சொன்ன பிரவுன் இன்ஹேலரை நிறுத்திவிட்டேன். ஸ்டீராய்டு, எலும்பைக் கரைத்துவிடும் என்று கூட நடக்க வருகிறவர் சொன்னார்.

[6:51] சுந்தரி அத்தை: அண்ணா! எப்போதிலிருந்து?

[6:51] பெரியப்பா: தீபாவளிக்கு அப்புறம்.

[6:52] சுந்தரி அத்தை: அதிலிருந்து இன்றுவரை நீலம் எத்தனை வாங்கினீர்கள்? பில் பார்த்துச் சொல்லுங்கள்.

[7:04] பெரியப்பா: மூன்று முடிந்தது. நேற்று நான்காவதைத் திறந்தேன்.

[7:12] சுந்தரி அத்தை: ஒரு டப்பாவில் 200 அழுத்து. மூன்று டப்பா என்றால் 600. ஒரு வருடத்துக்கே மூன்று டப்பா ஆனால் பெரிய இழுப்பு வரும் ஆபத்து கூடுகிறது என்று டாக்டர்கள் கவலைப்படுவார்கள். நீங்கள் மூன்று மாதத்தில் முடித்திருக்கிறீர்கள். அண்ணா, நீலம் செய்வது ஒன்றே ஒன்றுதான்: மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகிய தசையைத் தளர்த்துகிறது. அதுதான் அந்த நிம்மதி. குழாய்க்குள் இருக்கும் வீக்கத்தை அது தொடுவதில்லை. அதை ஆற்றுவது நீங்கள் நிறுத்திய பிரவுன். அதில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கு ஸ்டீராய்டு. அதைக் கைவிட்டுப் பெரிய இழுப்பு வந்தால் மில்லிகிராம் கணக்கில் மாத்திரையும் ஊசியும் போடுவார்கள், எலும்புக்குக் கெடுதல் அதில்தான் அதிகம். பெரியவர்களுக்கு நீலத்தை மட்டும் தனியாகக் கொடுக்கக் கூடாது என்று ஜினா என்கிற உலக ஆஸ்துமா அமைப்பின் வழிகாட்டியே 2019இல் மாற்றிவிட்டது. நீலத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, சட்டைப் பையில் இருக்கட்டும். டாக்டர் எழுதிய அளவில் பிரவுனை இன்றே தொடங்குங்கள். போட்டதும் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படரும். இன்னொன்று, கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். பெயரைப் படித்து எடுங்கள்.

[7:15] பெரியப்பா: இவ்வளவு இருக்கிறதா. சரி. நான் போடுவது சரியா என்று பார். பேரனை வீடியோ எடுக்கச் சொன்னேன்.

[7:21] சுந்தரி அத்தை: பார்த்தேன் அண்ணா. மூச்சை முழுக்க இழுத்து முடித்த பிறகு அழுத்துகிறீர்கள். மீசைப் பக்கம் வெள்ளையாகப் புகை போகிறதே, அத்தனையும் வீணான மருந்து. முதலில் மூச்சை வெளியே விடுங்கள். உதட்டை இறுக்கி, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்துங்கள். தொடர்ந்து இழுத்துப் பத்து வரை எண்ணும் வரை அடக்குங்கள். உங்களுக்கும் ஒரு ஸ்பேசர் வாங்கச் சொல்கிறேன், அது சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை.

[7:30] செல்வி சித்தி (மதுரை): அண்ணி, என் அம்மாவுக்கு கேப்ஸ்யூல் போட்டுத் திருகுகிற ரோட்டாஹேலர். அதையும் மெதுவாகத்தான் இழுக்க வேண்டுமா? முதல் வாரம் தெரியாமல் கேப்ஸ்யூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்கிவிட்டார்கள்.

[7:33] சுந்தரி அத்தை: இல்லை செல்வி, அதைப் பலமாக, வேகமாக இழுக்க வேண்டும். பொடிக்குத் தள்ளிவிட வாயு கிடையாது, நம் மூச்சுதான் தள்ள வேண்டும். திறந்து பார்த்துப் பொடி மிச்சமிருந்தால் இன்னொரு முறை இழுக்கட்டும். அதற்குள் ஊதக் கூடாது, ஈரத்தில் பொடி கட்டிவிடும்.

[7:40] பிரபு: அத்தை, டப்பா காலியா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கலாம் என்று ஒரு ஃபார்வர்டு வந்தது.

[7:41] சுந்தரி அத்தை: வேண்டாம். மருந்து தீர்ந்த பிறகும் உள்ளே வாயு இருக்கும், அழுத்தினால் சத்தமும் வரும். அதை நம்பி நடுராத்திரியில் வெறும் வாயுவை இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணிக்கை காட்டும் டப்பாவாகக் கேட்டு வாங்கு. இல்லாவிட்டால் நோட்டில் கோடு போடு. பைக் பெட்டியில், வெயிலில் வைக்காதே.

[10:22] மீனா: அத்தை, மறுபடி இழுக்கவில்லை. இரண்டு இட்லி சாப்பிட்டான். 11 மணிக்கு டாக்டர். ஸ்பேசரைத் துணியால் துடைத்து வைத்துவிட்டேன்.

[10:23] சுந்தரி அத்தை: துடைக்காதேமா. சோப்புத் தண்ணீரில் அலசி அப்படியே காய விடு. துடைத்தால் மருந்து சுவரில் இழுத்து ஒட்டிக்கொள்ளும். இனி அது பொம்மைக் கூடைக்குப் போக வேண்டாம்.

[10:25] மீனா: அலமாரி மேல் தட்டுக்கு ஏற்றியாயிற்று. ராக்கெட்டுக்கு வேறு டப்பா கேட்டு அழுகிறான். அழ மூச்சு இருக்கிறதே, அதுவே எனக்குப் போதும்.

[10:40] பெரியப்பா: பிரவுன் போட்டேன். கொப்பளித்தேன். சாயங்காலம் 5 மணிக்கு டோக்கன் வாங்கியாயிற்று.

[10:41] சுந்தரி அத்தை: அந்த மூன்று பில்லையும் கையோடு எடுத்துப் போங்கள் அண்ணா. டாக்டரிடம் காட்ட வேண்டும்.