டியூட்டி இல்லாதப்ப "இங்க டாக்டர் யாராவது இருக்கீங்களா"ன்னு கேட்டா எழுந்து போவீங்களா?

இன்டர்ன்_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். இப்ப இன்டர்ன்ஷிப் போயிட்டிருக்கு எனக்கு. டியூட்டி ரூம்ல சீனியர்ஸ் ரெண்டு பேருக்குள்ள பெரிய வாக்குவாதம். ஃப்ளைட்லயோ ரோட்லயோ யாராவது விழுந்தா நீ பாட்டுக்கு முன்னாடி போய் நிக்காத, ஏதாவது ஆச்சுன்னா கேஸ் உன் தலையில, டாக்டர்னே வெளிய சொல்லிக்காதன்னு ஒருத்தர் சொல்றார். அதெப்படி சும்மா உக்காந்திருக்க முடியும், படிச்சது எதுக்குன்னு இன்னொருத்தருக்கு செம கோவம். ரெண்டு பேருமே நல்லா பேஷண்ட் பாக்கறவங்க, ரெண்டு பேர்கிட்டயும் நான் நிறைய கத்துக்கிட்டிருக்கேன், அதனாலதான் யார் சொல்றதை எடுத்துக்கறதுன்னு தெரியல.

நெஜமாவே சட்டப்படி மாட்டிக்குவோமா? கையில மருந்தும் இல்ல மெஷினும் இல்லன்னா அங்க போய் என்னதான் பண்றது? நம்ம ஸ்பெஷாலிட்டிக்கு சம்பந்தமே இல்லாத கேஸா இருந்தா? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

---

மயக்கமருந்து_அக்கா:

போவேன்மா. போயிருக்கேன், இனியும் போவேன். நான் அனஸ்தீசியா.

உங்க சீனியர் பயப்படறாருன்னா அவரைத் தப்பா நெனைக்காதீங்க. ஆஸ்பத்திரில நம்மள சுத்தி மானிட்டர் இருக்கு, சிஸ்டர் இருக்காங்க, சக்‌ஷன் ஆக்சிஜன் எல்லாம் கைக்கெட்டின தூரத்துல, ஒரு போன் போட்டா இன்னொரு டாக்டர் ஓடி வருவார், அதெல்லாம் இல்லாத இடத்துல வெறுங்கை முழம் போடுமான்னு தோணுறது சகஜம்தான். ஆனா வெளிய நடக்கறதுல முக்கால்வாசி என்னன்னு தெரிஞ்சா அந்தப் பயம் குறையும். 2013ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல விமான எமர்ஜென்சி பத்தி ஒரு ஆய்வு வந்துச்சு, கிட்டத்தட்ட 12,000 கேஸ் எடுத்துப் பாத்தாங்க. 604 ஃப்ளைட்டுக்கு ஒண்ணு நடக்குது. அதுல 37 சதவீதம் மயக்கம், இல்லன்னா மயக்கம் வர்ற மாதிரி இருக்கறது. மூச்சு சம்பந்தப்பட்டது 12 சதவீதம், வாந்தி குமட்டல் ஒரு 9.5. நம்ம எல்லாரும் நெனச்சு நடுங்கற கார்டியாக் அரெஸ்ட், அதாவது இதயம் நின்னு போறது, வெறும் 0.3 சதவீதம். இன்னொண்ணும் அதுல இருக்கு, 48 சதவீதம் கேஸ்ல பயணியா வந்த ஒரு டாக்டர் எழுந்து வந்து உதவியிருக்கார். டாக்டருங்க யாரும் வர்றதில்லன்னு சொல்றது அதனால சரியில்ல.

மயக்கம்னா என்ன பண்ணப் போறோம், படுக்க வைக்கணும், காலைத் தூக்கணும், பல்ஸ் பாக்கணும், சுகர் பாக்க வழி இருந்தா பாக்கணும், நெஞ்சு வலி இருக்கா என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு கேக்கணும். விமானத்துக்குள்ள காத்தழுத்தம் ஏறக்குறைய 8,000 அடி உயரத்துல இருக்கற அளவுக்குக் குறையலாம், அதுல தண்ணி குடிக்காம தூங்காம உக்காந்திருந்தா நல்லா இருக்கறவங்களுக்கே தலை சுத்தும். ஸ்டெத் கொடுப்பாங்க, எஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்காது, அதுக்காகப் பதறாதீங்க, பிபி கஃப் கட்டி மணிக்கட்டுல விரலை வெச்சுட்டு காத்தை இறக்கிக்கிட்டே வாங்க, பல்ஸ் திரும்ப எங்க தட்டுதோ அதுதான் சிஸ்டாலிக், அதாவது பிபியோட மேல் நம்பர், அந்த நேரத்துக்கு அது போதும். விமானத்துல வெச்சிருக்கற மெடிக்கல் கிட்ல அட்ரினலின், ஆஸ்பிரின், நைட்ரோகிளிசரின், டெக்ஸ்ட்ரோஸ், வீசிங்குக்கு இன்ஹேலர்னு அடிப்படை சாமான் பொதுவா இருக்கும். நிறைய ஏர்லைன்ஸ்ல தரையில இருக்கற டாக்டர்கிட்ட பேச ஏற்பாடும் உண்டு, முடிவை நீங்க ஒத்தையா எடுக்கணும்னு இல்ல. ஃப்ளைட்டை வேற ஊர்ல இறக்கணுமாங்கறதும் கடைசில பைலட் முடிவுதான், நீங்க பாத்ததைச் சொன்னா போதும்.

---

கறுப்புக்கோட்டு:

சட்டம் பத்தி மட்டும் சொல்றேன், நான் டாக்டர் இல்ல வக்கீல். எல்லா நாட்டுக்கும் ஒரே பதில் கிடையாதுங்க. ஃப்ரான்ஸ்ல உதவ முடிஞ்சும், தனக்கு ஆபத்தில்லன்னு தெரிஞ்சும் உதவாம விட்டா அதுதான் குற்றம், 5 வருஷம் ஜெயில், 75,000 யூரோ அபராதம் வரைக்கும் போகலாம், டாக்டர் மட்டுமில்ல யாரா இருந்தாலும். ஜெர்மனிலயும் அதே மாதிரி, அங்க 1 வருஷம் வரை. இங்கிலாந்துல சட்டப்படி கட்டாயம் இல்ல, ஆனா அங்க டாக்டர்களைப் பதிவு பண்ற ஜெனரல் மெடிக்கல் கவுன்சில், எமர்ஜென்சினா வெளியிலயும் உதவ முன்வரணும்னு சொல்லுது, உங்க பாதுகாப்பு, உங்களுக்கு எவ்வளவு தெரியும், வேற உதவி இருக்கா இதெல்லாம் கணக்குல எடுத்துக்கிட்டு. அமெரிக்காவுல உதவறவங்களைக் காப்பாத்தற முதல் சட்டம் கலிபோர்னியால 1959ல வந்தது, விமானத்துக்குன்னே 1998ல தனிச் சட்டம் வந்தது. இந்தியாவுல 2019ல மோட்டார் வாகனச் சட்டத்துல 134ஏ சேத்தாங்க, ரோடு ஆக்சிடென்ட்ல அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோட உதவினவர் மேல சிவில், கிரிமினல் கேஸ் வராது, பேரைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

பாதுகாப்பு எங்க போயிடும்னா, கண்மூடித்தனமா ஏதாவது பண்ணினாலோ, உதவிக்குக் காசு வாங்கினாலோ. காசு மட்டும் வாங்கிடாதீங்க, அது ஃபீஸ் மாதிரி ஆயிடும். நினைவோட இருக்கறவர்கிட்ட கேட்டுட்டுத் தொடுங்க. நினைவில்லாதவருக்கு ஆபத்துக்குப் பாவமில்லைன்னு நம்ம பெரியவங்க சொன்னதைத்தான் சட்டமும் சொல்லுது, சம்மதம் இருக்கறதா எடுத்துக்கும். ஒரு தடவை கை வெச்சு ஆரம்பிச்சுட்டா அடுத்தவர்கிட்ட ஒப்படைக்காம நடுவுல கிளம்பாதீங்க.

---

தோல்_டாக்டர்:

ஸ்பெஷாலிட்டி பத்தி கேட்டீங்கல்ல, அது எங்களை மாதிரி ஆளுங்களுக்குத்தான் ரொம்ப உறுத்தும். ஸ்கின் டாக்டர் நான், இசிஜி பாத்தே பல வருஷம் ஆச்சு. கூப்பிட்டா போய் நின்ன உடனே நான் சொல்றது, நான் டாக்டர், தோல் நிபுணர், எமர்ஜென்சி டாக்டரோ பாராமெடிக்கோ ஐசியு நர்ஸோ யாராவது இருந்தா நீங்க முன்னாடி நில்லுங்க, நான் கூட இருக்கேன். இப்படிச் சொல்றதுல எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்ல. நல்ல ஐசியு நர்ஸ் ஒருத்தர் இருந்தா அவங்க சொல்றபடி நான் நெஞ்சை அழுத்துவேன், அதுல டிகிரி பாக்க நேரமில்ல. அதே சமயம் அலர்ஜி வந்து உடம்பெல்லாம் தடிப்பு, முகம் வீங்குது, மூச்சு இழுக்குதுன்னா அங்க நான்தான் முதல் ஆள், தொடையில அட்ரினலின் போடறதுக்கு நான் யாருக்காகவும் காத்திருக்க மாட்டேன்.

1995ல ஹாங்காங்லேர்ந்து லண்டன் போன விமானத்துல ஆங்கஸ் வாலஸ்னு ஒரு சர்ஜன், நுரையீரலைச் சுத்திக் காத்து அடைச்சிருந்த ஒரு பெண்ணுக்கு, கோட் ஹேங்கர் கம்பி, யூரின் போற ட்யூப், தண்ணி பாட்டில் எல்லாம் வெச்சு, பிராந்தில கம்பியைச் சுத்தம் பண்ணி செஸ்ட் ட்ரெயின் போட்டு, அதாவது நெஞ்சுல ட்யூப் விட்டு அந்தக் காத்தை வெளிய எடுத்து, காப்பாத்தினார். இந்தக் கதை எல்லா மெடிக்கல் காலேஜ்லயும் ஓடும். அதைக் கேட்டுட்டு எழுந்து போனாலே அப்படி ஒண்ணு செஞ்சாகணும்னு நெனச்சுக்கறாங்க பசங்க. அப்படி ஒரு கேஸ் உங்க வாழ்க்கைல வரவே வராமலும் போகலாம். தெரியாததை முயற்சி பண்ணாம இருக்கறதும் வைத்தியம்தான்மா.

---

கடைசி_பெஞ்ச்:

மெடிக்கல் இல்ல நான், சைக்காலஜி படிச்சவன். இங்க யாரும் சொல்லாத ஒண்ணு இருக்கு. 1968ல டார்லி, லட்டானேன்னு ரெண்டு பேர் ஒரு சோதனை பண்ணாங்க, இன்டர்காம்ல ஒருத்தருக்கு வலிப்பு வர்ற சத்தம் கேக்கும், தான் மட்டும்தான் கேக்கறோம்னு நெனச்சவங்கள்ல 85 சதவீதம் பேர் அது முடியறதுக்குள்ள போய்ச் சொன்னாங்க, இன்னும் 4 பேர் கேட்டுட்டிருக்காங்கன்னு நெனச்சவங்கள்ல வெறும் 31 சதவீதம். டாக்டரும் மனுஷன்தானே, முன்னூறு பேர்ல வேற டாக்டர் இருக்க மாட்டாரான்னுதான் தோணும், அந்த வேற டாக்டரும் இதையேதான் நெனச்சிட்டிருப்பார்.

---

அவர்_மகள்:

எங்கப்பா பொது இடத்துல விழுந்தப்ப ஓடி வந்தது ஒரு கண் டாக்டர். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தாம சிபிஆர் பண்ணாங்க, சுத்தி நின்னவங்கள்ல ரெண்டு பேருக்கு அங்கயே சொல்லிக் கொடுத்து மாத்தி மாத்தி அழுத்த வெச்சாங்க. அப்பா பிழைக்கல. கேஸ் போடறதைப் பத்தி எங்க வீட்ல யாரும் நெனச்சுக்கூட பாத்ததில்ல, அந்தம்மா பேர்கூட எங்களுக்குத் தெரியாது, தெரிஞ்சா கையைப் பிடிச்சு நன்றி சொல்லணும்னு அம்மா இன்னமும் சொல்லிட்டிருக்காங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வரைக்கும் ஒண்ணுமே செய்யாம தரையில கிடந்திருந்தார்னா எங்களால அதைத் தாங்கியிருக்கவே முடியாது. இதை உங்க சீனியர்கிட்ட சொல்லுங்க.

---

இன்டர்ன்_பொண்ணு:

இதைப் படிச்சுட்டு என்ன சொல்றதுன்னே தெரியலக்கா, கண்டிப்பா சொல்றேன். எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னும் ஒரு சந்தேகம், ஃப்ளைட்ல ஒரு கிளாஸ் ஒயின் குடிச்சிருந்தா இல்ல தூக்க மாத்திரை போட்டிருந்தா? அப்ப போறது தப்பா?

---

மயக்கமருந்து_அக்கா:

நல்ல கேள்விம்மா. நிதானமா இருக்கோமான்னு நமக்கே தெரியும். கண்ணு சொருகுது, பேச்சு குழறுதுன்னா வேற யாராவது இருந்தா அவங்களை விடறதுதான் சரி. ஒரு கிளாஸ்தான், வேற யாரும் வரலன்னா அதை வெளிப்படையா சொல்லிட்டுப் போங்க, ஊசி போடற மாதிரி வேலையில இறங்காதீங்க. விழுந்தவர் மூச்சு விடல பல்ஸ் இல்லன்னா யோசிக்கறதுக்கே இடமில்ல, நெஞ்சை அழுத்தணும், நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120, 5 செமீக்குக் குறையாம 6க்கு மேல போகாம. சிபிஆரும் ஷாக்கும் இல்லாம போற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கற வாய்ப்பு 7லேர்ந்து 10 சதவீதம் குறையும், அதனால அழுத்திக்கிட்டே ஏ.இ.டி, அதான் இதயத்துக்கு ஷாக் குடுக்கற மெஷின், கொண்டு வரச் சொல்லிடுங்க, எழுந்து போய் நீங்களே தேடாதீங்க, ஒருத்தரைக் கை காட்டி நீங்க போங்கன்னு சொல்லுங்க, கடைசி பெஞ்ச் தம்பி சொன்ன அதே காரணம்தான்.

முடிஞ்சதும் ஒரு பேப்பர் வாங்கி எத்தனை மணிக்கு என்ன பாத்தேன், என்ன கொடுத்தேன், யார்கிட்ட ஒப்படைச்சேன்னு எழுதிடுங்க. அடுத்து பாக்கப் போற டாக்டருக்கு அது ரொம்ப உதவும், வக்கீல் சார் சொன்ன விஷயத்துக்கும் அதுதான் உங்களுக்குத் துணை. உங்க காலேஜ்ல பிஎல்எஸ், அதாவது சிபிஆர் மாதிரி அடிப்படை உயிர்காப்பு ட்ரெயினிங் எப்ப நடக்குதுன்னு கேட்டு இந்த மாசமே பேர் குடுத்துடுங்க, முன்னாடியே பண்ணியிருந்தாலும் ரெண்டு வருஷம் ஆச்சுன்னா மறுபடியும் பண்ணுங்க. அந்த சீனியரையும் கூட்டிட்டுப் போங்க.