"ஒத்துழைக்கவில்லை" என்று கேஸ் ஷீட்டில் எழுதப்பட்டவர்கள், அதன் பின்னால் இருக்கக்கூடிய பழைய மனக்காயம்: உங்கள் அனுபவம்?

மனநல வார்டு நர்ஸ்:
கேஸ் ஷீட்டில் அப்படி எழுதியிருந்தால், எந்த நேரத்தில், யார் பக்கத்தில் போனபோது என்றுதான் முதலில் பார்ப்பேன். ஒரு அம்மா பகலெல்லாம் பரம சாது. ராத்திரி ரவுண்ட்ஸில் டார்ச் வெளிச்சம் முகத்தில் பட்டு, யாராவது தோளைத் தொட்டு எழுப்பினால் போதும், சுவரோடு ஒண்டிக்கொண்டு அலறுவார். டோஸைக் கூட்டலாமா என்று பேச்சு வந்தது. அதற்குள் எழுப்பும் விதத்தை மாற்றிப் பார்த்தோம். டார்ச் வெளிச்சத்தைத் தரைப்பக்கம் திருப்பி, கால்மாட்டில் தள்ளி நின்று, "அம்மா, நான் நர்ஸ். பிபி பார்க்கணும், எழுந்துக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு அவராக எழும்வரை காத்திருப்போம். அலறல் நின்றது. அவருக்கு என்ன நேர்ந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இதற்கு அது தெரிய வேண்டியதும் இல்லை.

சிகிச்சையில் இருந்தவன்:
அலறுகிறவர்களையாவது கவனிப்பார்கள். நான் உறைந்துபோகிற ரகம். கேள்வி கேட்டால் குரல் எங்கோ தூரத்தில் கேட்கும், கை மரத்துப்போகும், வாய் வராது. "ஆர்வம் காட்டவில்லை" என்று எழுதிவிட்டார்கள். டாக்டர் மாறும்போதெல்லாம் நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொல்வார்கள். அன்று ராத்திரி தூக்கம் போச்சு. முன்பின்னாகச் சொன்னால் பொய் என்று சந்தேகம் வேறு! ஒரு கவுன்சிலர் மட்டும், "அதை இன்னைக்குச் சொல்ல வேண்டாம். கதவைச் சாத்தட்டுமா, திறந்தே இருக்கட்டுமா?" என்றார். திறந்தே இருக்கட்டும் என்றேன். பிறகுதான் பேச்சே வந்தது.

கவுன்சிலர்:
முன்பின்னாக வருவது பொய்யின் அடையாளம் அல்ல. உச்ச பயத்தில் பதிந்த நினைவு வரிசையாக இல்லாமல், வாசனை, சத்தம், ஒரு முகம் என்று துண்டு துண்டாக வருவதுண்டு. பிடிஎஸ்டி (பயங்கரமான அனுபவத்துக்குப் பிறகு வரும் மனபாதிப்பு) என்ற பெயரே 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் நோய்க் கையேடான டிஎஸ்எம்-3-இல் ஏறியது. அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-லேயே பாதுகாப்பு உணர்வு முதலில், நடந்ததைப் பேசுவது அதற்குப் பிறகு என்று எழுதிவிட்டார். நடைமுறையில் இன்னும் முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டச் சொல்கிறோம்.

ஒன்று மட்டும்: எல்லாவற்றையும் பழைய காயத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். உட்கார முடியாமல் தவிப்பது சில மனநோய் மருந்துகளின் பக்கவிளைவாகவும் இருக்கலாம். குடியை நிறுத்திய சில நாட்களில் வரும் நடுக்கமும் குழப்பமும் உயிருக்கே ஆபத்து. இவற்றை டாக்டர் உடனே பார்க்கணும்.

புதிதாக வேலையில் சேர்ந்தவர்:
ஆள் கைமீறிப் போய், பிடித்துக் கட்டியே ஆகணும் என்கிற நிலை வந்தால்?

மனநல வார்டு நர்ஸ்:
வேறு வழியே இல்லாதபோது, எவ்வளவு குறைந்த நேரம் முடியுமோ அவ்வளவுதான். ஒருவர் மட்டும் பேசணும்; நாலு பேர் நாலு பக்கம் கத்தினால் பயம்தான் ஏறும். எதற்காகக் கட்டுகிறோம், எப்போது அவிழ்ப்போம் என்று சொல்லிக்கொண்டே செய்யுங்கள். ஆள் தெளிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, "அடுத்த தடவை இப்படி ஆகிற மாதிரி தெரிந்தால் நாங்க என்ன பண்ணணும்?" என்று கேளுங்கள். "தனியா விடுங்க", "அந்த ஆம்பளை ஸ்டாஃப் வரக்கூடாது" என்று தெளிவாகவே சொல்வார்கள். அதை அப்படியே ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதி, அடுத்த ஷிஃப்டிடம் வாயாலும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.