புது டிவியில் எச்டி சேனல் தெரிய என்ன வழி?

பெரம்பூர் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன். 43 இன்ச் 4கே டிவி வாங்கியாச்சு. ஆனால் கேபிள் பாக்ஸ் பழைய எஸ்டி, அதாவது சாதாரணத் தரம்தான். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரில்தான் ஓடுகிறது. யூடியூப் பளிச்சென்று இருக்கிறது. கேபிளில் செய்தி போட்டால் வாசிப்பவர் முகம் கலங்கி, கீழே ஓடும் எழுத்தெல்லாம் ஈரம் பட்ட மை மாதிரி கசிகிறது. எஸ்டியில் படத்துக்கு 576 வரிதானே, எச்டி என்றால் 1080. அந்த மஞ்சள் ஒயரில் எச்டி வரவே வராது.

எச்டிஎம்ஐ (எச்டி படம் போகும் ஒயர்) சொருக இடம் உள்ள பாக்ஸ் கேட்டால் கேபிள்காரர் "ஸ்டாக் வரட்டும் சார்" என்று நழுவுகிறார். டிஷ்ஷுக்கு மாறலாமா? மொட்டைமாடியில் தெற்குப் பக்கம் அடுத்த அபார்ட்மெண்ட் மறைக்கிறது, சிக்னல் கிடைக்குமா? அடைமழையில் சீரியல் நின்றால் அம்மா என்னைத்தான் பிடிப்பார். அப்புறம், மொத்த சேனல் பேக் இல்லாமல் சன், விஜய் எச்டி மட்டும் தனியாக எடுத்தவர்கள் உண்டா? மாதம் எவ்வளவு ஆகிறது?