ரும்பா படத்தில் எதைப் பார்ப்பது?

காரைக்குடி:
கியூபாவின் மட்டான்சாஸ் ஊரில் எடுத்த, ரும்பா என்கிற அந்த நாட்டு மேள ஆட்டத்தைக் காட்டும் படம் ஒன்று பார்த்தேன். மூன்று மேளம், பாட்டு, ஒரு ஜோடி ஆட்டம், எல்லாம் ஒன்றாக ஓடுவதால் கண் எங்கே போவதென்றே தெரியவில்லை. மேளத்துக்கு ஆடுகிறார்களா, ஆட்டத்துக்கு அடிக்கிறார்களா?

தேவகோட்டை:
ரெண்டும்தான் தம்பி. கனத்த குரல் மேளங்கள் இரண்டும் தாளத்தைப் பிடித்து நிற்கும். உச்சக் குரலில் பேசும் கிண்டோ என்கிற மூன்றாவது மேளம்தான் ஆடுபவரைப் பார்த்துப் பதில் கொடுக்கும், நம் கரகாட்டத்தில் தவில்காரர் ஆடுபவர் மேலேயே கண் வைத்து அடிப்பாரே, அந்த மாதிரி. முதலில் கிளாவே என்கிற இரண்டு மரக்குச்சிச் சத்தத்தைக் காதில் பிடியுங்கள், மற்றதெல்லாம் அதன் மேல்தான் உட்காரும்.

புதுவயல்:
ரும்பாவில் குவாகுவாங்கோ, யாம்பூ, கொலும்பியா என்று வகைகள் உண்டு. ஜோடி ஆட்டம் என்றால் அநேகமாகக் குவாகுவாங்கோ. ஆண் சட்டென்று இடுப்பையோ கைக்குட்டையையோ வீசுவார், பெண் பாவாடையால் மறைத்துத் தப்புவார். யாம்பூ இதைவிட மெதுவு. கொலும்பியா வழக்கமாக ஆண் தனியாக ஆடுவது. 2016இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ரும்பாவைச் சேர்த்தார்கள். இந்த ஆட்டங்களையெல்லாம் படமெடுக்கும்போது முகத்தை மட்டும் காட்டிக் காலை வெட்டிவிட்டால் எனக்குக் கோபமே வரும்!

காரைக்குடி:
நன்றி அண்ணே. அப்புறம், பெட்டியிலும் அடிப்பார்களாமே?

தேவகோட்டை:
ஆமாம், கருவாடு வந்த மரப்பெட்டி, மெழுகுவத்திப் பெட்டி இரண்டிலும் அடித்திருக்கிறார்கள். யாம்பூவுக்கு அந்தச் சத்தம்தான் பொருத்தம்.