பிரேக் மிதித்தால் இடது பக்கம் இழுக்கிறதா? வலது சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள்

தூத்துக்குடிக்காரன் நான். கடல் காற்றுக்கு இங்கே எந்த இரும்பும் தப்பாது. எங்கள் பழைய பெட்ரோல் வண்டி மழைக்காலம் முழுக்க அதிகம் ஓடாமல் நின்றது. அப்புறம் மதுரை ரோட்டில் 80-ல் போகும்போது, முன்னால் பேரிகேடைப் பார்த்து பிரேக் மிதித்தால் வண்டி சரேலென்று இடது பக்கம் போகிறது. காலை எடுத்ததும் நேராகிவிடுகிறது.

டயரில் காற்று சரியாக இருந்தது. டயர் கடையில் அலைன்மென்ட் (சக்கரங்கள் சரியான கோணத்தில் நிற்கிறதா என்று) பார்த்தார்கள், இழுப்பு அப்படியேதான் இருந்தது. அலைன்மென்ட் கோளாறு என்றால் பிரேக்கே தொடாமல் ஓடும்போதும் ஒரு பக்கம் போக வேண்டுமே? (மழைத் தண்ணீர் வடிய ரோடு ஓரமாகச் சரிந்திருக்கும். அதனால் லேசாக இடது பக்கம் நகர்வதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.)

தெருமுனை மெக்கானிக் அண்ணாச்சி கேட்டது ஒரே கேள்விதான். “இடது பக்கமா இழுக்கு?” ஆமாம் என்றதும் பையனிடம், “லேய், வலது வீலைக் கழத்து” என்றார். எனக்குப் புரியவில்லை. “இடது ஒழுங்காப் பிடிக்கு, வலது பிடிக்கல. பிடிக்கிற பக்கந்தான வண்டி போவும்” என்றார்.

காலிப்பரை (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் பேட்களால் கவ்வும் பாகம்) தூக்கினால், உள்பக்கத்து பேட் தேய்ந்து அதன் முதுகுத் தகட்டைத் தொடும் நிலையில் இருந்தது. வெளிப்பக்கத்து பேட் கிட்டத்தட்ட புதுசு. காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின் கையில் வரவே இல்லை, தட்டித்தான் எடுத்தார்கள். பின்னை மூடும் ரப்பர் பூட் கிழிந்து, தண்ணீர் இறங்கி, பின் முழுக்கத் துரு. காலிப்பர் நகராததால் பிஸ்டன் (ஆயில் அழுத்தத்தில் பேட்டைத் தள்ளுவது) இருக்கும் உள்பக்கத்து பேட் மட்டுமே டிஸ்க்கை அழுத்தியிருக்கிறது. பின்னைச் சுத்தம் செய்து, புது பூட் போட்டு, பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸ் தடவினார். சாதாரண கிரீஸ் பட்டால் பூட் ஊதிவிடுமாம். பேட் இரண்டு பக்கமும் மாற்றினோம். பிரேக் ஆயிலும் கடுங்காப்பி நிறத்துக்கு வந்திருந்தது, அதையும் மாற்றியாயிற்று. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

---

மேலே எழுதியவருக்கு வந்தது ஒரு மாதிரி, எனக்கு வந்தது கொஞ்சம் விசித்திரமானது. மிதித்ததும் இடது பக்கம் இழுக்கும், காலை எடுத்தால் வலது பக்கம் இழுக்கும். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தினால் வலது முன்சக்கரத்தில் அனல் அடிக்கும் (டிஸ்க்கில் கை வைத்துவிடாதீர்கள், பக்கத்தில் கொண்டுபோனாலே தெரியும்). ஜாக்கி போட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தால் அசையவில்லை. மெக்கானிக் ப்ளீடர் நிப்பிளை (காலிப்பரிலிருந்து ஆயிலை வெளியே விடும் திருகை) லேசாகத் தளர்த்தினார். ஆயில் பீய்ச்சியது, சக்கரம் உடனே சுற்றியது. அப்படியென்றால் பிஸ்டன் ஜாம் இல்லை, அழுத்தம் திரும்பிப் போக வழியில்லை. காலிப்பருக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருந்தது. ஆயில் போவதும் தாமதம், திரும்புவதும் தாமதம். வெளியில் பார்க்க ஒரு வெடிப்புகூட இல்லை! இரண்டு பக்க ஹோஸையும் மாற்றிவிட்டேன். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் சுற்றாவிட்டால் காலிப்பரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

---

மேலே இருவரும் சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் என் வண்டி இழுத்தது. கூடவே மிதிக்கும்போதெல்லாம் கீழே ‘டொக்’ என்று ஒரு சத்தம். லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கும் கை) புஷ், அதாவது அதன் ரப்பர் மூட்டு, கிழிந்திருந்தது. பிரேக் போட்டதும் ஆர்ம் பின்னால் நகர்ந்து சக்கரமே திரும்பிவிடுகிறது. கம்பியால் நெம்பிப் பார்த்தபோது ஆட்டம் கண்ணுக்கே தெரிந்தது. ஆர்ம் மாற்றினால் அலைன்மென்ட் மறுபடி பார்த்தாக வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.