கொள்ளிடத்தில் மேல் தண்ணீர் நல்லது, இன்ஜின் தண்ணீர் உப்பு

கொள்ளிடத் தென்கரையில், பழையாறு முகத்துவாரத்திலிருந்து சுமார் 12 கி.மீ. மேற்கே எங்கள் வயல். ஆற்றிலிருந்து 5 எச்.பி. டீசல் இன்ஜின் வைத்துக் குறுவை நாற்றங்காலுக்கு இறைக்கிறேன். மூன்று வாரமாக நாற்றின் நுனி கருகுகிறது.

கையில் வைத்துப் பார்க்கும் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு) மீட்டரில் வாளியால் மேலாக மொண்ட தண்ணீர் 700 காட்டுகிறது. அதே நேரம் குழாயில் கொட்டுவது 3,400! மீட்டர் பழுதோ என்று இன்னொன்று வாங்கினேன், அதிலும் இதே கதை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் (கடல் ஏற்றம்) பெரிதாக ஏறும் நாள்களில் இன்னும் மோசம். வற்றம் (கடல் இறக்கம்) வரும்வரை காத்திருந்து இறைத்தால் கொஞ்சம் குறைகிறது, ஆனால் அதன் நேரம் தினமும் தள்ளிப்போகிறது. ஜிப்சம் போட்டதில் பலனில்லை. அணையிலிருந்து தண்ணீர் வரத்தும் இப்போது இல்லை.

உப்புத் தண்ணீர் கனமானது, அதனால் அடியில் ஆப்பு மாதிரி நுழைந்து, நல்ல தண்ணீர் அதன்மேல் மிதக்கிறது என்று நினைக்கிறேன். என் ஃபுட் வால்வு (உறிஞ்சு குழாயின் அடிமுனை வால்வு) கிடப்பது சரியாக ஆற்றின் அடியில், சேற்றுக்கு ஓரடி மேலே.

ஃபுட் வால்வை பிளாஸ்டிக் டிரம்மில் கட்டி மிதக்கவிட்டவர்கள் இருக்கிறீர்களா, காற்று இழுக்காமலும் உப்பு ஏறாமலும் இருக்க மேல்மட்டத்திலிருந்து எத்தனை அடி கீழே தொங்கவிட்டீர்கள்?