தபஜோஸ் காட்டின் கரிமக் கணக்கு: ஒரே கோபுரத் தரவிலிருந்து இரண்டு எதிரெதிர் விடைகள் வருவது ஏன்?

காட்டுவழி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். முதுநிலை ஆய்வேட்டுக்காக, பிரேசிலின் பாரா மாநிலத்தில் சாந்தாரெம் நகருக்குத் தெற்கே உள்ள தபஜோஸ் தேசியக் காட்டில் எடுக்கப்பட்ட வாயுப் பரிமாற்ற அளவீடுகளைப் படித்து வருகிறேன். சாந்தாரெம்–குயாபா நெடுஞ்சாலையின் 83ஆவது கிலோமீட்டரில் இருந்த கோபுரத்தில் 2000 ஜூலை முதல் 2001 ஜூலை வரை பதிவான தரவு என்னைக் குழப்புகிறது. ஒரு கணக்கின்படி அந்தக் காடு ஹெக்டேருக்கு ஆண்டொன்றுக்கு 3.9 டன் கரிமத்தை உள்வாங்கியிருக்கிறது. அதே தரவைத் திருத்திப் போட்ட கணக்கின்படி 0.4 டன்னை வெளியே விட்டிருக்கிறது. கருவியும் மரங்களும் அவையே என்றால், விடை மட்டும் எப்படி இவ்வளவு மாறும்? இன்னொரு கேள்வியும் உண்டு. பக்கத்து மேய்ச்சல் நிலத்தில் ஒரு கோபுரத்தை நிறுத்தி, இரண்டு எண்களையும் கழித்துவிட்டால், காட்டை அழித்ததால் வளிமண்டலத்துக்கு ஏற்பட்ட விளைவு கிடைத்துவிடும் என்று கொள்ளலாமா?

அளவி

விடை மாறியதற்குக் காரணம் இரவுகள். எடி கோவேரியன்ஸ் முறையில், மரமுகட்டுக்கு மேலே பொருத்திய ஒலியலைக் காற்றுமானி செங்குத்துக் காற்றின் வேகத்தை நொடிக்குப் பத்து முறை அளவில் பதிவு செய்கிறது. அகச்சிவப்புப் பகுப்பான் அதே வேகத்தில் கரியமில வாயுவின் செறிவைப் பதிவு செய்கிறது. இரண்டின் ஏற்ற இறக்கங்களும் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்பதை அரை மணிக்கு ஒருமுறை கணக்கிட்டால், காடு வாயுவை எவ்வளவு வேகத்தில் எடுக்கிறது அல்லது விடுகிறது என்பது தெரியும். பகலில் வெயிலால் காற்று கலங்குவதால் இந்த முறை நன்றாகவே வேலை செய்கிறது.

இரவில் அமேசான் காடு அசைவற்றுப் போய்விடுகிறது. மண்ணும் தண்டும் இலையும் சுவாசித்து விடும் வாயு விதானத்துக்கு (மரமுகடுகள் சேர்ந்த கூரைக்கு) கீழேயே தேங்கும். தேங்கியதில் ஒரு பகுதியைப் பல உயரங்களில் வைத்த உறிஞ்சு குழாய்கள் மூலம் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். மீதி, குளிர்ந்த காற்றோடு சேர்ந்து நிலத்தை ஒட்டிச் சரிவில் வழிந்து, கோபுரத்தின் கண்ணில் படாமலே போய்விடுகிறது. பகலில் எடுத்ததை முழுமையாகவும் இரவில் விட்டதைக் குறைவாகவும் எழுதினால், ஆண்டுக் கூட்டலில் காடு பெரும் உறிஞ்சியாகத் தோன்றத்தான் செய்யும். நீங்கள் சொன்ன 3.9 டன் அப்படி வந்த எண். உராய்வு வேகம் (காற்று எவ்வளவு கலங்குகிறது என்பதைக் காட்டும் அளவு) நொடிக்கு 0.2 மீட்டருக்குக் குறைவாக இருந்த இரவு நேரங்களை நீக்கி, காற்று போதிய அளவு கலங்கிய இரவுகளில் கிடைத்த சுவாச அளவால் அந்த இடங்களை நிரப்பியபோது 0.4 டன் வெளியீடு கிடைத்தது. மண்ணின் சுவாசத்தை வெப்பமும் ஈரமும்தான் தீர்மானிக்கின்றன, மரத்தின் உச்சியில் வீசும் காற்று அல்ல என்பதே இந்தத் திருத்தத்தின் அடிப்படை.

இந்த இரண்டு எண்களையும் வெளியிட்ட ஆய்வை நான் மதிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. வாயுவைத் திறந்த வெளியிலேயே அளக்கும் பகுப்பானா, குழாய்வழி உள்ளிழுத்து அளக்கும் மூடிய பகுப்பானா, சராசரி எடுக்கும் நேரம் எவ்வளவு என்பவற்றையெல்லாம் மாற்றிப் பார்த்து, அவற்றால் ஆண்டுத் தொகை பெரிதாக மாறவில்லை, அமைதியான இரவுகளை நடத்தும் விதத்தால் மட்டுமே 4 டன்னுக்கு மேல் மாறுகிறது என்று அந்த ஆய்வாளர்கள் வெளிப்படையாகக் காட்டினார்கள். மரங்களின் சுற்றளவை 1984 முதல் 2000 வரை அளந்த கணக்கும், அந்தக் காடு பெரும் உறிஞ்சி என்பதை ஆதரிக்கவில்லை. அமேசானின் பிற பகுதிகளிலிருந்து முன்பு வந்த பெரிய உறிஞ்சல் எண்களிலும் இந்த இரவுத் திருத்தம் செய்யப்பட்டிருக்கவில்லை. ஆகவே பழைய எண்களை எடுத்தாளும்போது, இரவை எப்படிக் கையாண்டார்கள் என்று முதலில் பாருங்கள்.

வளிநூல்

அளவி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இரவுக் கணக்கைச் சரிபார்க்க, காற்றுச் சுழல்களையே நம்பாத வேறொரு வழியும் அதே காட்டில் கையாளப்பட்டது. ரேடான்-222 என்ற கதிரியக்க வாயு மண்ணிலிருந்து மட்டுமே வருகிறது. எந்தச் செடியும் நுண்ணுயிரும் அதை உண்பதில்லை. அதன் அரைவாழ்வு 3.8 நாள். ஆகவே விதானத்துக்குள் ரேடான் எவ்வளவு தேங்குகிறது என்பதை அளந்தால், உள்காற்று வெளிக்காற்றோடு கலக்கும் வேகம் தெரிந்துவிடும். அந்த வேகத்தைத் தேங்கிய கரியமில வாயுவுக்குப் பொருத்தி இரவுச் சுவாசத்தைத் தனியாகக் கணக்கிடலாம்.

ஆண்டுத் தொகையைவிடப் பருவப் போக்கை அதிகம் நம்பலாம் என்பது என் கருத்து. அதே நெடுஞ்சாலையின் 67ஆவது கிலோமீட்டரில் உள்ள கோபுரத்திலிருந்து 2003இல் வெளியான முடிவுகளின்படி, காடு மழைக்காலத்தில் கரிமத்தை இழந்து, வறண்ட காலத்தில் சேர்த்தது. அன்றைய கணினி மாதிரிகள் இதற்கு நேர்மாறாகச் சொல்லிக்கொண்டிருந்தன. ஆழ வேர்கள் வறட்சியிலும் நீர் தருவதால் ஒளிச்சேர்க்கை தளரவில்லை; சருகும் விழுந்த மரங்களும் காய்ந்துபோவதால் மட்கும் வேகம்தான் குறைந்தது.

மண்வாசம்

மேய்ச்சல் நிலத்தைப் பற்றிய உங்கள் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். கழித்தல் கணக்கு போதாது. புல்வெளியில் கோபுரம் சிறியது, அது பார்க்கும் பரப்பும் சிறியது. இரவில் தரை விரைவாகக் குளிர்வதால் காற்று இன்னும் அடங்கிவிடுகிறது. காற்று வரும் திசையில் ஒரு மாட்டு மந்தை வந்து நின்றாலே பதிவு துள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, காட்டை எரித்தபோது சில நாட்களில் வெளியேறிய கரிமம் இந்த இரண்டு கோபுரங்களில் எதிலும் பதிவாகாது.

கரியமில வாயுவோடு நின்றுவிடவும் கூடாது. நன்கு வடியும் காட்டு மண்ணில் மீத்தேனை உண்ணும் பாக்டீரியாக்கள் இருப்பதால் அது மீத்தேனை உள்ளிழுக்கிறது. பிரேசிலின் ரோண்டோனியா மாநிலத்தில் காட்டையும் வெவ்வேறு வயதுடைய மேய்ச்சல் நிலங்களையும் ஒப்பிட்டபோது, மேய்ச்சல் மண் ஆண்டுக் கணக்கில் மீத்தேனை வெளிவிடுவதாக மாறியிருந்தது. மாடுகள் மிதித்து இறுகிய மண்ணில் காற்று உட்புக முடியாதது இதற்கு ஒரு முக்கியக் காரணம். நைட்ரஸ் ஆக்சைடின் போக்கு வேறு: காடழித்த முதல் சில ஆண்டுகளில் அது காட்டைவிட அதிகமாக வெளியேறுகிறது, மண்ணில் கிடைக்கக்கூடிய நைட்ரஜன் குறையக் குறைய, பழைய மேய்ச்சல் நிலங்களில் காட்டைவிடக் கீழே போய்விடுகிறது. நூறாண்டுக் கணக்கில் இந்த வாயு, எடைக்கு எடை, கரியமில வாயுவைப்போல் சுமார் 273 மடங்கு வெப்பமூட்டுவது என்பதால், நிலத்தின் வயதைக் குறிக்காமல் ஒரு சராசரியைக் கொடுப்பது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும்.

இந்த வாயுக்களை அளக்கப் பெரும்பாலும் மூடுபெட்டி முறைதான்: மண்மேல் ஒரு பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே வாயுவின் செறிவு எப்படி மாறுகிறது என்று பார்ப்பது. பெட்டியின் அடிவளையத்தை மண்ணில் முன்கூட்டியே பதித்துவிடுங்கள். பதித்த உடனே அளந்தால் அறுந்த வேர்களின் விளைவைத்தான் அளப்பீர்கள். ஒரு கறையான் புற்று அருகிலிருந்தாலே மீத்தேன் எண் தலைகீழாகிவிடும் என்பதால், சில பெட்டிகளை அடிக்கடி அளப்பதைவிடப் பல பெட்டிகளைப் பரப்பி வைப்பது நல்லது. ஈரத்தின் பங்கை அறிய, தபஜோஸில் ஒரு ஹெக்டேர் காட்டில் மழைநீர் தரையை அடையாமல் தடுத்துச் செய்த சோதனையைப் படியுங்கள். மண் காய்ந்தபோது நைட்ரஸ் ஆக்சைடு குறைந்தது, மீத்தேன் உள்ளிழுப்பு கூடியது.

காட்டுவழி

மூவருக்கும் மிக்க நன்றி. கழித்தல் கணக்கைக் கைவிடுகிறேன். உராய்வு வேக வரம்பை 0.1 முதல் 0.3 வரை மாற்றி மாற்றி ஆண்டுத் தொகையைக் கணக்கிட்டு, எல்லா விடைகளையும் ஒரே வரைபடத்தில் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். இது சரியா?

அளவி

சரி. ஆனால் அதற்கு முன், இரவுச் சுவாசத்தை உராய்வு வேகத்துக்கு எதிராக வரைந்து, கோடு எந்த இடத்தில் தட்டையாகிறது என்று பாருங்கள். உங்கள் வரம்பை அந்த இடம்தான் முடிவு செய்ய வேண்டும். மழைக்காலத்துக்கும் வறண்ட காலத்துக்கும் தனித்தனியே வரையுங்கள். இரண்டிலும் அந்த இடம் ஒன்றாக இல்லையென்றால் படத்தை இங்கே இடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.